இல்லத்தில் இருவர் உள்ளனர்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

சிரஞ்சீவி கிச்சாவுக்கு,

அக்கா விஜயலக்ஷ்மி மனசார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் சுவருக்குச் சுவர் பளபளக்கும் சுவிட்சுகளும் சௌக்கியம். அங்கே மேற்கு மாம்பலத்தில் நீயும் மஹதியும் சிமெண்ட் தூசிக்கு நடுவில் இருமாமல் தும்மாமல் இருக்க கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

"சுவரையெல்லாம் இடிச்சுப் போட்டாச்சு, ஸ்மார்ட் ஹோம் சாமான் எந்தக் கம்பெனியில வாங்கினா உழைக்கும், அத்திம்பேர் எதை வாங்கினார்?" என்று போனில் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இந்த வீட்டில் சிக்னல் வாசல் கதவுப் பக்கம்தான் கிடைக்கும். வீட்டுக்குக் காது இருப்பதும் அங்கேதான். நான் சொல்லப்போவது அதன் காதில் விழக்கூடாது. அதனால்தான் இந்த வயசில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காமல் படி.

உன் அத்திம்பேர் சாமான் வாங்கும் அழகு உனக்குத் தெரியும். வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்த்து வாங்குகிற மனுஷர், இதை மட்டும் சும்மா வாங்குவாரா? தேனாம்பேட்டையில் ஒரு ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், ராகேஷ் என்கிற விற்பனைப் பிள்ளை காபி கொடுத்து உபசரித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு "நெட் போனா என்ன ஆகும்?" என்றார். விளக்கு எரிந்தது. மெயினை அணைக்கச் சொல்லி "கரண்ட் போனா?" என்றார். பேட்டரியில் எரிந்தது. அப்புறம் அந்தப் பிள்ளையின் கண்ணையே பார்த்து "உங்க கம்பெனியே போனா?" என்றார். அது, "சார், எல்லாமே இந்தப் பெட்டிக்குள்ளயே இருக்கு. நாங்க இல்லேன்னாலும் இது இருக்கும் சார்" என்றது. அவர் முகத்தைப் பார்க்கணுமே, கல்யாணத்தன்றுகூட அப்படி மலரவில்லை. கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து எலக்ட்ரீஷியன் கனகராஜ் வந்து சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒரு பொட்டிலகூட நியூட்ரல் ஒயரு இல்ல. அது இல்லாங்காட்டி இந்த சுவிட்ச் தூங்கிப்பூடும்" என்றான். வீடு எந்நேரமும் முழித்துக்கொண்டிருக்க அந்த ஒயர் அவசியமாம். அதற்காக ஹால் சுவர், சமையலறைச் சுவர், பூஜை மாடத்துச் சுவர் என்று எல்லாவற்றையும் கொத்தி எடுத்தார்கள். மகாலக்ஷ்மி படத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துப் பூஜை பண்ணினேன். நீயும் சுவர் திறந்திருக்கும்போதே அதை இழுத்துவிடு. தூங்காத வீடு வேண்டுமென்றால்.

தொந்தரவு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. தமிழ் வீட்டுக்குத் தமிழில்தான் கட்டளை என்று உன் அத்திம்பேர் பிடிவாதமாக உட்கார்ந்து, வாசல் பக்கம் வைத்த காதுக்கு இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுத்தார். "போறேன்" என்றால் ஆள் வெளியே போகிறார், விளக்கை அணை. "வரேன்" என்றால் ஆள் உள்ளே வருகிறார், விளக்கைப் போடு, வெந்நீர் போடு. எங்கள் இரண்டு பேர் குரலும் அதற்குப் பழக்கம். மறுநாள் காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பினவர், நாற்பது வருஷ வழக்கப்படி, செருப்பை மாட்டிக்கொண்டே "விஜி, வரேன்" என்றார். உடனே ஒரு பெண் குரல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, "நல்வரவு, ஜெயராம். இல்லத்தில் இருவர் உள்ளனர்" என்றது. ஆள் தெருவில் போகிறார், பாத்ரூமில் அவருக்கு வெந்நீர் காய்கிறது! திரும்பி வந்து ஒரே சிரிப்பு. "மெஷின்தானே விஜி, போறேன்னு சொல்லிட்டாப் போச்சு" என்றார். "வாயை அலம்புங்கோ முதல்ல! வாசப்படியில நின்னுண்டு சொல்ற வார்த்தையா அது?" என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நோரா டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

அப்புறம் யார் அந்த வார்த்தையைச் சொல்வார்கள்? நவராத்திரிக்கு வெற்றிலைபாக்கு வாங்கிக்கொண்ட மாமிகள் ஒவ்வொருத்தியும் "வரேன் மாமி", "வரேன் மாமி" என்று படியிறங்க, வீடு ஒவ்வொருத்தியையும் உள்ளே சேர்த்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் போய் நான் கொலுவுக்கு முன்னால் தனியாக நிற்கும்போது, இருக்கிற விளக்கெல்லாம் எரிகிறது, ஏ.சி. ஐஸ் கட்டியாக வீசுகிறது, அது சொல்கிறது, "இல்லத்தில் நாற்பத்திரண்டு நபர்கள் உள்ளனர். காற்றோட்டம் போதவில்லை." ஹாலில் என்னையும் கொலு பொம்மைகளையும் தவிர ஒருத்தரும் இல்லை. விருந்தாளிகளை ஒரு பட்டனை அழுத்தி அனுப்பிவிடலாமாம். வீட்டு மனுஷாளை அப்படி அனுப்ப முடியாது, முடிந்தால் திருடன் பட்டனை அழுத்தி, வீட்டில் யாரும் இல்லை என்று அதை நம்பவைத்துவிடுவானாம். அவரவர் குரலில் அவரவர் "போறேன்" சொல்லணும். "வார்த்தையை ஞாயித்துக்கிழமை மாத்திடறேன்" என்றார் உன் அத்திம்பேர். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவருக்கு நெஞ்சுவலி வந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்ட்ரெச்சரில் வாசற்படியைத் தாண்டும்போது மாஸ்க்கைக் கையால் விலக்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "விஜி, வரேன்" என்றார். நான் ஆம்புலன்ஸில் ஏறும்போது உள்ளேயிருந்து கேட்கிறது: "நல்வரவு, ஜெயராம்." அடுத்த நாள் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் வீடு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சாஸ்திரிகள் பதிமூன்று நாளும் மந்திரம் சொல்லி அவரை முறைப்படி அனுப்பிவைத்தார். வீடு அனுப்பவில்லை, கிச்சா. காலையில் அவர் குளிக்கிற நேரத்துக்கு வெந்நீர் போடுகிறது. புழுங்கினால் அவர் அறை ஃபேன் தானாகச் சுற்றுகிறது. அங்கே பேப்பர் படபடக்கிற சத்தம் கேட்டால், எத்தனை தெரிந்திருந்தும் காபியை ஆற்றிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்துவிடுகிறேன். போன வாரம், "ஜெயராம் நெடுநேரமாக அசைவின்றி இருக்கிறார். சற்று நடக்கலாமே" என்றது. நான் கோயிலுக்குக் கிளம்பினால் கதவு பூட்டிக்கொள்வதில்லை, உள்ளே ஆள் இருக்கிறதாம். திரும்பி வரும்போது பார்த்தால் அவர் அறையில் விளக்கு எரிகிறது.

ராகேஷுக்குப் போன் போட்டு, அவர் பேரைக் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னேன். "அவரே வந்து சொல்லணும் மேடம்" என்றது. "அவர் காலமாயிட்டார்ப்பா" என்றேன். "சாரி மேடம். ஒரே ஒரு தடவை வந்து சொன்னாப் போதும் மேடம்" என்றது, பதற்றத்தில். ஆளே போனா என்று யாரும் அந்தப் பிள்ளையிடம் கேட்டதில்லை, பாவம். கனகராஜைக் கூப்பிட்டேன். "இன்னாம்மா பெர்ய விஷயம், பொட்டி ஒயர வலிச்சிட்டா போச்சு" என்று கட்டிங் பிளேயரோடு வந்தான். அவன் கை பெட்டியில் பட்டதும் அவர் அறை ஃபேன் விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தவன், மேஜையில் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தான். "சார் உள்ளதான் கீறாரும்மா. நான் அப்பால வரேன்" என்று ஓடினான். "விருந்தாளி ஒருவர் வந்துள்ளார்" என்றது வீடு.

ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. ஒயரைப் பிடுங்கி அவரை விரட்ட எனக்கு மனசில்லை. சொல்லிக்கொண்டு போகட்டும். அவர் எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். காய்கறிக் கடையிலிருந்து, பாங்கிலிருந்து, எல்லாவற்றிலும் "வரேன், வரேன்"தான். ஆனால் உன் போனில் ஒன்று இருக்கிறது. டைல்ஸ் பார்க்க வருவதாகச் சொல்லி நீ ஏமாற்றினபோது, "நீ ஒண்ணும் வர வேண்டாம். நான் போறேன்" என்று கோபமாக அனுப்பினாரே, நீகூட எல்லாருக்கும் போட்டுக் காட்டிச் சிரித்தாயே, அது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வா. வாசலில் வைத்து ஒரு தரம் போட்டுவிடுவோம். அப்புறம் இந்தப் பெட்டி, சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அழுத்தினால் "டொக்" என்று சத்தம் வருகிற பழைய சுவிட்சையே மாட்டிக்கொள்ளலாம். நீயும் அதையே வாங்கு. இந்த மாதிரிச் சாமான் பக்கமே போகாதே. இத்தனை நம்பிக்கையான சாமான் மனுஷாளுக்கு ஆகாது.

மஹதிக்கு என் ஆசி. தூசி வேலை நடக்கும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொல். நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக, சிரித்த முகமாக இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அக்கா விஜயலக்ஷ்மி

பின்குறிப்பு: இதை மட்டும் அவர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

உனக்குத்தான் என் பழக்கம் தெரியுமே. ஸ்கூலில் பரீட்சைத்தாளைக்கூட உரக்கப் படித்துத்தான் திருத்துவேன். அதே மாதிரி கடிதத்தை, உட்கார்ந்த இடத்திலேயே, முதல் வரியிலிருந்து, வாசலில் காது இருப்பதை மறந்து, கிளாஸ் முழுக்கக் கேட்கிற குரலில் உரக்கப் படித்துக்கொண்டு வந்தேன். அவர் சொல்லிக்கொடுத்த இரண்டு வார்த்தையில் முதல் வார்த்தையைப் படித்தேனோ இல்லையோ, ஹால் விளக்கு போயிற்று, சமையலறை போயிற்று, என் தலைக்கு மேலே ஃபேன் நின்றது. "விஜயலக்ஷ்மி வெளியே சென்றார். இல்லத்தில் ஒருவர் உள்ளார்."

பயமாக இருந்ததா என்று கேட்பாய். இருந்தது. ஆனால் அதைவிட அழுகைதான் வந்தது. நாற்பது வருஷம் இருந்த வீட்டிலிருந்து என்னை ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டதே! வேறு எதற்கோ சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு. அவரையும் நான் இப்படித்தானே அனுப்ப இருந்தேன், டைல்ஸுக்குக் கோபித்துக்கொண்ட வார்த்தையை வைத்து. இருட்டில் அவர் அறை விளக்கு மட்டும் எரிந்தது. சுவரைத் தடவிக்கொண்டு வாசல்வரை போய், படியில் நின்று, "வரேன்" என்றேன்.

"நல்வரவு, விஜயலக்ஷ்மி. இல்லத்தில் இருவர் உள்ளனர்."

அந்த ஆடியோவை அழித்துவிடு, கிச்சா. சாமான் இதே கம்பெனியிலேயே வாங்கு. உழைக்கும்.