குனிஞ்சேன், நிமிரல!

போன மாசம் ஒரு திங்கக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க கம்பெனி லேடீஸுக்கு எக்சர்சைஸ் சொல்லித் தரணும்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி இருக்குற உப்பு பேக்கிங் கம்பெனி எங்களது. நாள் பூரா நின்னுக்கிட்டே பாக்கெட் போடுறாங்க. எல்லாருக்கும் இடுப்பு வலி, தோள் வலி. அதனால மேனேஜர் சொல்லிட்டாரு, "இனிமே தினமும் காலையில எக்சர்சைஸ். நீதான் நடத்துற."

"சார், நான் சேர்ல உக்காந்து பில்லு போடுறவன்!"

"நீதாம்பா ஒல்லியா இருக்க."

ஒல்லியா இருந்தா ஃபிட்டுன்னு யாரு சொன்னாங்களோ!

வீடியோ பாத்தேன். புது டி-ஷர்ட் போட்டேன். காலையில ஷெட்டு முன்னாடி கெத்தா போய் நின்னேன்.

"நான் என்ன செய்யறேனோ அதை அப்படியே செய்யுங்க!"

கையைத் தூக்கினேன். தூக்கினாங்க. கழுத்தைத் திருப்பினேன். திருப்பினாங்க. அட, நமக்கு நல்லா வருதே!

அந்தத் திமிர்லதான் குனிஞ்சு கால் கட்டை விரலைத் தொட்டேன்.

இடுப்புல 'படக்'னு ஒரு சத்தம்.

நிமிர முடியல!

"ஐயோ!"ன்னு கத்தினேன்.

"ஐயோ!"ன்னு மொத்த கும்பலும் கத்துச்சு.

"அம்மா!"

"அம்மா!"

"ஏய், நிஜமாவே வலிக்குது!"

"ஏய், நிஜமாவே வலிக்குது!"

முன்வரிசையில இருந்த அஞ்சலை அக்கா குனிஞ்ச மேனிக்கே கேட்டாங்க, "சார், இது எவ்ளோ நேரம்? தலை சுத்துது சார்."

அந்த நேரம் பாத்து மேனேஜர் வந்தாரு. எல்லாரும் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறோம்.

"ஏம்பா, என்னத்தத் தொலைச்சீங்க?"

"என் இடுப்பைத்தான் சார்!"

அப்புறம் உப்பு மூட்டை தள்ளுற டிராலியில என்னை ஏத்தினாங்க. அஞ்சலை அக்காதான் தள்ளினாங்க. "மூட்டையை விட லேசாத்தான் இருக்காரு, ஆனா சத்தம்தான் ஜாஸ்தி"ன்னு அவங்க சொல்ல, வலியிலயும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சா இன்னும் வலிக்குது!

டாக்டர் கேட்டாரு, "என்ன வெயிட்டு தூக்கினீங்க?"

"ஒண்ணும் தூக்கல டாக்டர். குனிஞ்சேன், அவ்ளோதான்."

"பழக்கமில்லாம திடீர்னு குனிஞ்சா இப்படித்தான். தினமும் எக்சர்சைஸ் பண்ணுங்க தம்பி!"

இப்ப அஞ்சலை அக்காதான் கிளாஸ் நடத்துறாங்க. அன்னைக்கு நான் கத்துனதை நெனச்சு சிரிச்சு சிரிச்சே பாதி வலி போயிடுதாம். தோள் வலியும் கொறைஞ்சிருக்காம். நான் கடைசி வரிசையில செவுத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்.

எங்க கம்பெனியில மூட்டை தூக்குற ஆளுங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எக்சர்சைஸ் பண்ணி மெடிக்கல் லீவு எடுத்த ஒரே ஆளு நான்தான்!