புதுவீட்டு மந்திரிப்புக்கு வராத அண்ணனின் லீவு லெட்டர்

கூடலூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள தங்கை ஜெசிந்தாவுக்கு,

அண்ணன் அமிர்தராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மதினியும் மாதா புண்ணியத்தில் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் பையன் அருண் ஜோசப்பும் புது வீடும் சுகமாக இருக்க வேண்டும். வீட்டையும் சேர்த்து விசாரிப்பதற்குக் காரணம், அதை நான் இன்னும் உள்ளே வந்து பார்க்கவில்லை.

நீ ஆறாம் வகுப்பில் என்னிடமே படித்தபோது எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாய். "சார், லீவு லெட்டர்ல எல்லாரும் காய்ச்சல்னே எழுதுறாகளே, உண்மையை எழுதினா என்ன ஆகும்?" வகுப்பே சிரித்தது. "எழுதிப் பாரு, தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்போது நானே எழுதிப் பார்க்கிறேன். உன் புதுவீட்டு மந்திரிப்புக்கு நான் வராததற்குக் காய்ச்சல் காரணமில்லை. அன்று நான் குண்டுக்கல் மாதிரி இருந்தேன்.

உனக்குப் பரிசாக வாங்கிய மாதா படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டி, வெள்ளை வேட்டி கட்டி, தேனி பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றேன். படம் என் இடுப்பு உயரம். கண்ணாடி போட்டது. அப்போது போனில் மணி அடித்தது. 'உங்கள் மகள் வேல்விழி இன்று பள்ளிக்கு வரவில்லை.' எனக்கு மகளே கிடையாது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு அது தெரியாது. எங்கள் தெருவில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிற நாகஜோதி, மகளைச் சேர்க்கும்போது என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். மலையில் டவர் கிடைக்காதாம், ரிட்டயர்டு வாத்தியார் எப்பவும் வீட்டில்தான் இருப்பாராம். இதை என்னிடம் சொல்லத்தான் அவளுக்கு நேரமில்லை. ஒவ்வொரு முறையும் நானும் பொறுமையாக, 'ஐயா, வேல்விழி என் மகள் அல்லள். வேல்விழியின் தகப்பனாருக்குத் தெரிவிக்கவும். வணக்கம்' என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நன்றிகூட வரவில்லை. அது மிஷினாம். மிஷினுக்கு நான் வணக்கம் போட்டுக்கொண்டிருந்த கதையை உன் மதினி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் நான் விசாரித்து, அது எதிர்வரிசை வீட்டு வேல்விழி என்று கண்டுபிடித்தேன். பத்தாம் வகுப்பு. கெட்டிக்காரி. வருகை இதற்கு மேல் குறைந்தால் பொதுத்தேர்வு எழுதுவது சந்தேகம் என்று முந்தின மெசேஜில் இருந்தது. நாகஜோதியிடம் சொல்லலாம் என்றால் அவள் விடிவதற்கு முன்னால் போய் இருட்டிய பிறகு வருகிறவள். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன்.

தலையை நிமிர்த்துகிறேன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் யூனிபார்ம், புத்தகப்பை, ரிப்பன் எல்லாமாக வேல்விழி நிற்கிறது! "ஏ புள்ள!" என்றேன். அது என்னைப் பார்த்தது, வந்து நின்ற லோயர் கேம்ப் பஸ்ஸில் ஏறிவிட்டது. என் தேனி பஸ்ஸும் அந்த நேரம்தான் வந்தது. நீயே சொல், ஜெசிந்தா, நான் எதில் ஏற? ஒன்றிலும் ஏறவில்லை. லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்குப் போன கர்ணனின் ஜீப்பை மறித்தேன். கர்ணன் பேப்பரை லேசாக விலக்கிப் பார்த்தவன், "ஆத்தாவையா பின்னால போட்டுக் கொண்டு வர்றீக? பாவம் சார்" என்று சொல்லி, மாதாவை முன்சீட்டில் உட்காரவைத்துத் துண்டால் கட்டினான். நான் பின்னால் வெங்காய மூட்டைமேல். அங்கன ஒரு குலுக்கு, இங்கன ஒரு குலுக்கு. வெள்ளை வேட்டி என்ன ஆயிருக்கும்னு நீயே நெனச்சுக்க.

லோயர் கேம்ப்பில் கால்வாய்க் கரை மர நிழலில் வேல்விழி உட்கார்ந்து, பத்தரை மணிக்கே மத்தியானச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. நான் மூச்சு வாங்கப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தயிர்ச்சோறு, சாப்பிடுறீகளா சார்?"

"வேணாம்மா. இங்கன என்ன பண்ற?"

"தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நேத்து?"

"நேத்தும் இதே தண்ணிதான் சார்."

கடைசியில் சொன்னது. ஒரு நாள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்று வீட்டில் இருந்திருக்கிறது. மறுநாள் லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட அம்மா வீட்டில் இல்லை. லெட்டர் இல்லாமல் போனால் கேட்பார்கள் என்று அன்றும் போகவில்லை. மூன்றாம் நாள் போனால் ரெண்டு நாளுக்கும் சேர்த்துக் கேட்பார்களே! இப்படியே வட்டி ஏறி, இப்போது வகுப்பு வாசல் பக்கமே போக முடியலயாம். "ஏன் வரலன்னு எல்லார் முன்னாலயும் கேப்பாக சார். அதுக்குப் பரீட்சையே எழுதாம இருந்துரலாம்" என்றது. எத்தனை வருஷம் ஆஜர் எடுத்தேன்! வராத பிள்ளைகளெல்லாம் சந்தோஷமாக இருப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டிவந்து, பிள்ளையைப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். வகுப்பாசிரியை சந்தனம்மாளும் என்னிடம் படித்தவள்தான்.

"ஆத்தா, அந்தப் பிள்ளையைப் பாத்ததும் ஏன் வரலன்னு மட்டும் கேட்றாத."

"பின்ன என்னன்னு கேக்கச் சொல்றீக? நாங்க மேல பதில் சொல்லணும்ல சார்?"

"அதை நாளைக்குத் தனியாக் கேளு. இன்னைக்கு வான்னு மட்டும் சொல்லு."

சந்தனம்மாள் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து, "வா வேல்விழி. ஒம் பெஞ்சு ஒரு பக்கம் ஆடுது, நீ இல்லாம ஒருத்தியும் அங்கன உக்கார மாட்டேங்குறா. சீக்கிரம் வா" என்றாள். அவ்வளவுதான். பிள்ளை ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஒரு மெசேஜும் வரவில்லை.

நான் வெளியே வந்தபோது ஃபாதர் உன் வீட்டை மந்திரித்து, பிரியாணி சாப்பிட்டு, ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். லோயர் கேம்ப்பில் அவசரத்தில் நான் இறக்க மறந்த மாதா, கர்ணனோடு குமுளியில் இருந்தார். உனக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தேன், ஜெசிந்தா. பழனிசெட்டிபட்டியில் இறங்கி, உன் தெருமுனைக் கடையில் டீ குடித்தேன். வீட்டுக்கு நல்ல பச்சைப் பெயின்ட். மாடியில் மாப்பிள்ளையின் சட்டை காய்ந்தது. உள்ளே போனால் 'கூடப்பிறந்தவன் நீயே வரலயே'ன்னு சொந்தக்காரர் முன்னால கேப்பியேன்னு நெனச்சேன். இன்னொரு டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்.

அன்று பஸ்ஸில் நான் சொன்னதை மறக்காமல் நேற்றுச் சாயந்திரம் வேல்விழி கேட்டது. "தங்கச்சி வீட்டுக்குப் போனீகளா சார்?" சொன்னேன். அது சிரித்து, "அப்ப நீங்களும் லோயர் கேம்ப்தான்! லெட்டர் எழுதுங்க சார். உண்மையவே எழுதுங்க" என்றது. எழுதிவிட்டேன்.

கர்ணன் இன்று தேனிக்கு வருகிறான். அவனிடமே படத்தையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். மாதா முன்சீட்டில் இருந்தால் ஏத்தத்தில் வண்டி நன்றாக இழுக்கிறது என்று இத்தனை நாள் தராமல் வைத்திருந்தான். உன்னைப் போல் பொறுப்பான தாய்மார் தெருவுக்கு ஒருத்தி இருந்தாலே எனக்கு இந்த அலைச்சல் இருந்திருக்காது. இந்த அண்ணனை மன்னித்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஏன் வரவில்லை என்று கேட்காமல் உள்ளே விட வேண்டுகிறேன். மாதா உங்கள் மூவரையும், அந்தப் பச்சைப் பெயின்ட்டையும் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
அமிர்தராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போனில் மணி அடித்தது. 'உங்கள் மகன் அருண் ஜோசப் இன்று பள்ளிக்கு வரவில்லை.' என் மகனுக்கு முப்பது வயது, கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஆக, மூணு மாசத்துக்கு ஒரு சிம் மாத்துற நீயும் பள்ளிக்கூடத்துல என் நம்பரத்தான் குடுத்திருக்க! மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பொறுப்பான தாய் என்று எழுதிய வரியை நீயே அடித்துக்கொள். ஆனால் பையன் சாயந்திரம் பையோடு வந்து வாசலில் நிற்கும்போது எங்கே போனாய் என்று கேட்டுவிடாதே. அதை நாளைக்குத் தனியாகக் கேட்கலாம். இன்றைக்கு முதல் வார்த்தையாக, "வாய்யா, சாப்பிடு" என்று மட்டும் சொல்லிப் பார்.