டன்னு நைனாவும் மூடாத சுரங்கமும்

உலகத்தில் எதைக் கொடுத்தாலும், யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், ஒரு டன் அரைத்தால் அதில் எவ்வளவு தங்கம் தேறும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் டன்னு நைனாதான். கோலார் தங்கவயலில் ஆயுசில் பாதியைப் பூமிக்கு அடியில் கழித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ரிட்டயர் ஆகி, திருப்போரூரில் எங்கள் தெருவிலிருந்த மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். சொந்தப் பெயர் என்னவோ, ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் டன்னு நைனா.

சுரங்கத்தில் கல்லை வெட்டி, மேலே ஏற்றி, மாவாக அரைத்துத்தான் தங்கம் எடுப்பார்களாம். அந்தக் கணக்கை நைனா எங்களுக்கு நகைக்கடை பாஷையில் சொல்லிக்கொடுத்தார்.

"எங்க தாத்தா காலத்துல, வெள்ளக்காரன் தோண்டினப்போ, ஒரு டன்னு கல்லுக்கு ஒரு வளையல் தேறும். எங்கப்பா காலத்துல மோதிரம். நான் எறங்கினப்போ மூக்குத்தி. இப்போ இன்னா தேறுது தெரியுமா? அந்த மூக்குத்திக்குத் திருகாணி!"

"வளையலெல்லாம் எங்க நைனா போச்சு?" என்று கேட்டேன்.

"அது கப்பலேறி சீமைக்குப் பூடுச்சு. தூசு மட்டும் எங்களாண்ட தங்கிடுச்சு," என்று நெஞ்சைத் தட்டிக்காட்டி இருமினார். இருமி முடித்துவிட்டுச் சிரித்தார்.

"அவ்ளோ தங்கம் தோண்டினீங்களே, வூட்டுக்கு ஒரு குந்துமணியாவது எடுத்தாந்தீங்களா?"

"எங்கேர்ந்து? ஷிப்டு முடிஞ்சா சட்டையக் கழட்டி ஒதறி, வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் வெளிய வுடுவான். என் பொண்டாட்டி தாலியவே நான் சேட்டு கடைலதாம்பா வாங்குனேன்."

இந்த வளையல், மோதிரக் கணக்கை அவர் சுரங்கத்தோடு விட்டுவிட்டு வந்திருந்தால் எங்கள் தெரு நிம்மதியாக இருந்திருக்கும். எங்கே விட்டார்? தேர்தல் கூட்டத்தில் ஒருவர் தொண்டை கிழியப் பேசி முடித்து மைக்கை வைத்த மறு நொடி, கூட்டத்திலிருந்து நைனா குரல் வந்தது: "வெறும் கல்லு!" எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தவர், "மூக்குத்தி தேறும், முடிச்சிடு" என்றார். பிள்ளை வீட்டார் கொதித்துப்போனார்கள். ஆனாலும் கல்யாணம் நடந்தது. மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனால், அத்தனை குகைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இம்மாங் கல்ல வெட்டிக்கீறானுங்க, ஒருத்தனாவது அரைச்சுப் பாத்தானா?"

என் அம்மாவிடமும் வாலாட்டினார். அம்மா பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். ஊரே எழுந்து நிற்கும். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குச் சாம்பார் கொடுத்தனுப்பினாள். பாத்திரத்தைத் திருப்பித் தர நைனாவே வந்தார்.

"வெறும் கல்லு டீச்சர். பருப்பு எங்க கீது இதுல?"

அதோடு சரி. அவர் பேச்சை எடுத்தாலே அம்மா, "அந்தாளைப் பத்தி என்கிட்ட பேசாதே" என்று எழுந்து போய்விடுவாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து அவர் தூக்கம். தங்கவயலில் ஷிப்டு முடிகிற நேரத்துக்குப் பாறைக்கு வெடி வைப்பார்களாம்; "மைனுல பிளாஸ்டு" என்பார். வீட்டில் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ஆடுமாம். "தரை ஆடிச்சுன்னா வேலை கீது, வேலை கீதுன்னா சோறு கீது" என்பார். பிறந்ததிலிருந்து அப்படியே ஆடி ஆடித் தூங்கினவருக்கு, ஆடாத திருப்போரூரில் பொட்டுத் தூக்கம் வரவில்லை. கடைசியில் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் மெயின் ரோட்டோரமாகப் போட்டார். ஜல்லி லாரி போகும்போதெல்லாம் கட்டில் கிடுகிடுக்கும். மனுஷன் குறட்டை விடுவார்.

இரண்டாயிரத்து ஒன்றில் தங்கவயல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். செலவுக்குக்கூடத் தங்கம் தேறவில்லையாம். சலூனில் பேப்பரைப் படித்த நைனா, அதை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். போனவர் போனவர்தான். கட்டில் வீட்டுக்குள் போய்விட்டது. மாதக்கணக்கில் தெருப்பக்கமே வரவில்லை. ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

ஒருநாள் அவர் மகள் அம்மாவிடம் வந்து அழுதாள். "டீச்சர், தட்டுல சோறு வெச்சா தள்ளி வுட்டுடுது. வேலை போன ஆளுக்கு இன்னாத்துக்குமா சோறுன்னு கேக்குது. அது ரிட்டயராகியே எத்தினி வருசமாச்சு! இப்டியே போனா எங்க நைனா எங்களுக்கு இல்ல டீச்சர்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒருநாள், சாயங்காலம் கடந்து ஊரே டிவி முன்னால் இருந்த நேரம், தரை ஆடியது. லாரி இல்லை, நிஜமாகவே ஆடியது. அலமாரிப் பாத்திரங்கள் உருண்டன. ஆபீஸிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தயிர்சாதக் கையோடு தெருவுக்கு ஓடினேன். கேபிள் டிவி குமார் தன் டிவியைக் குழந்தைபோல இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். ஆளாளுக்கு "முருகா, முருகா" என்று அலறல்.

அப்போது நைனா வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முகமெல்லாம் பல்.

"இன்னாத்துக்கு அலறிக்கினு கீறீங்க? பிளாஸ்டுமா இது! எங்க மைனு! மூடிட்டாங்கன்னு எவன்டா சொன்னவன்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "நைனா, கோலார் எங்க, நம்ம ஊர் எங்க? இது நிலநடுக்கம்..." என்று ஆரம்பித்தேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. அம்மா!

"இவன் கிடக்கான். பிளாஸ்ட்தாங்க," என்றாள் புவியியல் டீச்சர், கணீரென்று. "ஆழமான சுரங்கமாச்சே, இவ்வளவு தூரம் வராம என்ன பண்ணும்?"

"ஆமா நைனா, பிளாஸ்டு, பிளாஸ்டு" என்று தெருவே சொன்னது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த நியூஸில் குட்டு வெளிப்பட்டுவிடுமே! அம்மா குமாரை ஓரங்கட்டினாள். "ஒயரைப் புடுங்குடா."

"டீச்சர், சீரியல் நேரம்! பொம்பளைங்க என்னை உரிச்சு உப்பு தடவிடுவாங்க."

"புடுங்குடான்னா!" என்றது நாலைந்து பெண்களின் குரல். சாவு வீட்டுக்குக்கூட சீரியல் முடிந்துதான் கிளம்புகிறவர்கள் அவர்கள். அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை. மறுநாள் காலை சலூன் பேப்பரும் சோப்பு நுரையில் ஊறிப்போயிருந்தது.

நைனா குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். எதற்கு? மன்னிப்புக் கேட்க! "எங்க மைனால நேத்து உங்களுக்கெல்லாம் பேஜாரு. கேபிளு வேற அறுந்துச்சாமே. மனசுல வெச்சுக்காதீங்க."

கடைசியாக எங்கள் வீடு. "டீச்சர், ரொம்ப பயந்துட்டீங்களா?"

"பயமெல்லாம் இல்லைங்க. வேலை நடக்கணும்ல, அதுதானே முக்கியம்?" என்றாள் அம்மா. "உட்காருங்க, இட்லி ஆறுது."

உட்கார்ந்தார். சாம்பாரை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார். தட்டு காலியானதும் நிமிர்ந்து, "இன்னும் நாலு வையுங்க டீச்சர், வேலைல கீற ஆளு" என்றார்.

அம்மா வைத்துக்கொண்டே இருந்தாள். அன்று எனக்கு ஒரு இட்லிகூட மிஞ்சவில்லை. வெறும் வயிற்றோடு ஆபீஸுக்கு அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் போனதில்லை.