பாட்டனி அண்ணன் மீசையை எடுத்த மரம்

கூடலூரிலிருந்து குமுளி மலை ஏறும் ஜீப்காரர்களில் ரோட்டைவிட மரத்தை அதிகம் பார்த்து வண்டி ஓட்டுகிறவர் பாட்டனி அண்ணன் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பேர் யாருக்கும் தெரியாது. படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் வழியில் நிற்கும் அத்தனை மரத்தின் பேரும் அத்துப்படி.

கொண்டை ஊசி வளைவில் நட்டநடுவே பிரேக் போடுவார். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடித்தால் இறங்கிப் போய், "சும்மா அலறாதீகய்யா! இங்கன மந்தாரை பூத்திருக்கு, ஒரு நிமிசம் பாத்துட்டுப் போங்க" என்பார். என் தங்கை நிச்சயதார்த்தத்தில், வாசலில் நின்ற நெட்டிலிங்கத்தை மாப்பிள்ளையின் அப்பா அசோக மரம் என்று சொல்லிவிட்டார். தட்டு மாற்றுவதற்குள் அண்ணன் அவரைத் திருத்தப் போய், கல்யாணமே நின்றிருக்கும். தங்கை இன்னும் மன்னிக்கவில்லை.

"வழியில ஒரு மரத்துக்குப் பேர் தெரியலன்னா இந்த மீசையை எடுத்துடுறேன்!" இது அவருடைய தினசரி சவால். மீசையா அது! வண்டிக் கண்ணாடியில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும்.

வந்தது வினை. குமுளி தாண்டி, நான் வேலை பார்க்கும் எஸ்டேட் முக்கில் வருஷக்கணக்காகச் சும்மா நின்ற ஒரு மரம், ஒருநாள் உச்சியெல்லாம் செக்கச்செவேலென்று பூத்துவிட்டது. எங்களோடு ஏலக்காய் எடுக்க வரும் சரசக்கா விடுவாளா?

"ஏண்ணே, இது என்ன மரம்?"

அண்ணன் வண்டியை நிறுத்தினார். இறங்கி இலையைக் கசக்கினார். பட்டையை முகர்ந்தார். கீழே கிடந்த மொட்டு ஒன்றை எடுத்து அமுக்கினார். பீச்சியது தண்ணீர், நேரே மீசையில்!

"பேர் தெரியாதவக மூஞ்சியில மரமே துப்புதுடி!" சரசக்கா சீட்டில் உருண்டாள். ஜீப்பே குலுங்கியது.

நான் அதற்குள் போனில் படம் பிடித்துப் பேரைக் கண்டுபிடித்திருந்தேன். மெதுவாக அவர் காதில் ஓதப் போனேன்.

"வேணாம் தம்பி," என்று தடுத்துவிட்டார். "காப்பியடிக்கிறவனா இருந்தா எட்டாப்பத் தாண்டியிருக்க மாட்டனா?"

வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம், எங்களில் யாருக்குத் தெரியப் போகிறது? அண்ணன் சொல்லவில்லை. "தெரியலத்தா" என்றார் சரசக்காவிடம்.

மறுநாள் கூடலூரில் எங்கள் ஜீப் காலியாக நின்றது. யாரோ புது டிரைவர் என்று ஒருத்தரும் ஏறவில்லை. "ஏறுங்கப்பா, நாந்தேன்!" என்று குரல் வந்தபிறகுதான் உற்றுப் பார்த்தோம். சிரிக்க வாயைத் திறந்த சரசக்கா, "அய்யோ அண்ணே, வெளையாட்டுக்குத்தான கேட்டேன்!" என்று அழுதேவிட்டாள்.

மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. அந்த முக்கு வந்தால் இப்போது அவரே குரல் கொடுக்கிறார்: "மீசைமரம் இறங்குறவக இறங்கலாம்!"

ஆப்பிரிக்க டியூலிப் என்கிறது என் போன். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் இறங்குவது மீசைமரத்தில்தான்.