குருவிக்குப் போட்ட மிளகுத்தூள்

மார்கழி பிறந்த அன்று காலை, பல்கூட விளக்காமல் திருமலைசாமி ஒரு சபதம் எடுத்தார். இந்த வருஷம் முட்டை தின்னாமல் மார்கழியைத் தாண்டுவதில்லை.

சபதத்தை மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டுச் சபதம் எடுக்கும் உரிமை அந்த வீட்டில் அவருக்குக் கிடையாது.

மார்கழி முழுக்கக் கறி, மீன், முட்டை எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது என்பது மனைவி ரங்கநாயகி போட்ட சட்டம். பெருமாளே நேரில் வந்து "போனால் போகட்டும், ஒரே ஒரு ஆம்லெட்" என்று சிபாரிசு செய்தாலும் செல்லாது. வெளியே தின்னலாமே என்பீர்கள். துடியலூர் பஸ் ஸ்டாப்பில் பூக்கடை வைத்திருப்பது யார்? ரங்கநாயகியின் அண்ணன் கோவிந்தராஜுலு. எந்த ஓட்டலில் திருமலைசாமி கை கழுவினாலும், அவர் கை துடைப்பதற்குள் தகவல் வீட்டுக்குப் போய்விடும்.

அப்போதுதான் அவர் கண் போர்டிகோவில் இருந்த கூண்டின்மேல் விழுந்தது. மில் சூப்பர்வைசர் வேலையிலிருந்து ரிட்டையரானதும், மேற்பார்வை பார்க்க யாராவது வேண்டுமே என்று உக்கடத்தில் வாங்கி வந்த நாலு ஃபின்ச் குருவிகள். கட்டைவிரல் பருமன் உடம்பு. வெற்றிலை போட்டது போலச் சிவந்த மூக்கு. ஓயாத வாய். தினை உமியை வீடெல்லாம் இறைக்கும் என்பதால் அவற்றுக்கும் ரங்கநாயகியின் சட்டப்படி வாசற்படிக்கு வெளியேதான் வாசம்.

"அம்மணி, இங்க வா. காத்து ஊசியாட்டம் குத்துது. குருவிக எப்படி நடுங்குது பாரு."

"நடுங்கலீங்களே. ஊஞ்சலாடுதுங்க."

"நடுங்கறதுல ஊஞ்சல் தானா ஆடுது."

"ஐயோ பாவம். என்னங்க பண்ணோணும்?"

"சோமனூர்ல வாங்குன மொரட்டுக் காடாத் துணி கெடக்குதில்ல, அதைச் சுத்திக் கட்டி, உள்ள ஒரு பல்பைத் தொங்க விட்டுப்போடறேன். ஆனா அதெல்லாம் வெளிச்சூடு. உள்சூடுதான் முக்கியம்."

"உள்சூடுங்களா?"

"வேக வெச்ச முட்டை. ஒரு முட்டை உள்ள போச்சுன்னா வயித்துக்குள்ள ஹீட்டர் போட்ட மாதிரி. அப்பறம் போர்டிகோ என்ன, ஊட்டியில கொண்டு போய்ப் படுக்க வெச்சாலும் குளுராது."

இதில் பாதி நிஜம். குளிர்காலத்தில் ஃபின்ச் குருவிக்கு வெந்த முட்டையை உதிர்த்துக் கொஞ்சம் வைப்பது வளர்ப்பவர்கள் செய்வதுதான். பொய்யெல்லாம் அளவில் இருந்தது.

"எத்தனை முட்டைங்க?"

"நாலு குருவி. தெனமும் நாலு முட்டை."

"குருவியே அரை முட்டை சைஸுதானுங்க இருக்குது!"

"குளுருல பசி ஜாஸ்தி அம்மணி."

ரங்கநாயகி கூண்டைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். கணவரின் தொந்தியைப் பார்த்தாள். திருமலைசாமி தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார். கோபம் வந்தால் அவள் தாய்மொழியான தெலுங்குக்குப் போய்விடுவாள். அது நல்லது, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தமிழிலேயே, அதுவும் 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து.

"சரிங்க," என்றாள். "ஆனா என்ற அடுப்புல வேகப்படாது. என்ற ஊட்டுக்குள்ள வரப்படாது. பக்கத்து ஊட்டுக் குல்சும்கிட்டச் சொல்றேன். அவ வேக வெச்சுக் குடுக்கட்டும். காம்பவுண்டு செவுத்து மேல வந்து நேரா கூண்டுக்குப் போயிரோணுமுங்க."

இவ்வளவு சுலபமா! திருமலைசாமிக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. மூட்டு வலி இருந்ததால் குதிக்கவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் பொழுது சாயும்போது, பக்கத்து வீட்டு உம்மல் குல்சுமின் கணவர் ரசாக் சுவருக்கு மேலே தட்டை நீட்டுவார். திருமலைசாமி தட்டோடு காடாத் துணிக்குள் நுழைவார். கூண்டும் அவரும் ஒரே கூடாரத்தில். வெளியே அவர் கால்கள் மட்டும் தெரியும். அநியாயம் சொல்லக் கூடாது, முதல் துணுக்கு எப்போதும் குருவிகளுக்குத்தான். மிச்சம் மூன்றே முக்கால் முட்டை முதலாளிக்கு. "சாப்புடுங்க கண்ணுகளா, சாப்புடுங்க" என்று குரல் மட்டும் வெளியே வரும், சற்று அமுங்கி, வாய் நிறைந்து.

நாக்கு சும்மா இருக்குமா? இரண்டாம் நாளே அது கூடுதலாகக் கேட்டது.

"அம்மணி, சித்த மிளகுத்தூள் குடு."

"குருவிக்குங்களா?"

"நெஞ்சுச் சளிக்கு நல்லது."

"உப்புங்க?"

"வெக்கறதை வெச்சுப்போடு."

தந்தாள். உப்பையும் சேர்த்தே தந்தாள். அப்பேர்ப்பட்ட மனைவியை ஏமாற்றுகிறோமே என்று திருமலைசாமிக்கு ஒரு கணம் கண் கலங்கியது. பிறகு யோசித்ததில் அது மிளகின் காரம் என்று தெரிந்தது.

ரசாக்குக்கு விஷயம் புரியாமலா இருக்கும்?

"ஏனுங்ணா, நேத்து முட்டை கொஞ்சம் ஜாஸ்தி வெந்துபோச்சுன்னு குருவிக ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?"

"மெதுவாப் பேசுங்க ரசாக். மஞ்சக்கரு சித்த எளக்கமா இருந்தா இன்னும் நல்லா இருக்குமுன்னு ஒரு குருவி நெனைக்குது."

வந்தது வைகுண்ட ஏகாதசி. "இன்னிக்கு ஒரு வாய் சோறு கிடையாதுங்க, ரெண்டு பேரும் விரதம்" என்றாள் ரங்கநாயகி. காலையில் துளசித் தீர்த்தம். மத்தியானமும் துளசித் தீர்த்தம். நாலு மணிக்குத் திருமலைசாமிக்குக் காலண்டரில் இருந்த பெருமாளின் சங்கு, உரித்த முட்டை போலத் தெரிய ஆரம்பித்தது.

"அம்மணி, விரதம் நமக்குத்தான. வாயில்லா ஜீவனுக்கு என்ன விரதம்?"

"அதுக பாவங்க. நீங்க போயி ஊட்டுங்க. நான் வெளக்கேத்தறேன்."

தட்டு கைக்கு வந்ததுதான் தெரியும், கூடாரத்துக்குள் பாய்ந்தார். பல்பு எரியவில்லை. பியூஸ் போயிருக்கும், யாருக்கு வேண்டும் வெளிச்சம்? முட்டைக்கும் வாய்க்கும் வழி தெரியாதா? முதல் முட்டை முழுசாக உள்ளே போனது. முதல் துணுக்கு யாருக்கு என்ற நியாயமெல்லாம் இன்று ஞாபகத்துக்கு வரவில்லை.

"சாப்புடுங்க கண்ணுகளா!" இரண்டாவது. "அட, மெதுவா, மெதுவா!" மூன்றாவது. "அம்மணீ! இன்னிக்குக் குருவிக நல்லாச் சாப்புடுது!"

"ஏனுங்க," என்று வெளியிலிருந்து குரல் வந்தது, "எந்தக் குருவிங்க?"

அப்போதுதான் கவனித்தார். கீச்சுக்கீச்சென்ற சத்தம் பக்கத்தில் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து, படுக்கையறைப் பக்கமிருந்து கேட்டது. நாலாவது முட்டை பாதி வாயில் இருக்க, துழாவிப் பார்த்தார். கூண்டு இருந்த இடத்தில் தேங்காய்க் கூடை ஒன்று கவிழ்ந்திருந்தது. இத்தனை நேரம் அதற்குத்தான் ஊட்டிக்கொண்டிருந்தார்.

காடாத் துணியை ரங்கநாயகி மெல்ல விலக்கினாள். அவர் மீசையில் மிளகு. பின்னால் சுவருக்கு மேலே உம்மல் குல்சும், முந்தானையால் வாயைப் பொத்தியபடி. ரசாக் வானத்தைப் பார்த்தபடி.

"குல்சும் கோட்டைமேட்டுல இருக்கறப்ப இந்தக் குருவிகளைக் கூண்டு கூண்டா வளத்துனாளாமுங்க," என்றாள் ரங்கநாயகி, குரல் உயராமல். "நாலுக்கும் சேத்து ஒரு ஸ்பூனு முட்டையே தாராளமாமுங்க. முத நாளே சொல்லிப்போட்டா."

"முத நாளேவா? அப்பறம் எதுக்கு நீ மிளகுத்தூளெல்லாம்..."

"எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாக்கலாமுன்னுதானுங்க."

தமிழ்! ஒரு வார்த்தை தெலுங்கு இல்லை. திருமலைசாமியின் வயிற்றுக்குள் இருந்த ஹீட்டர் அணைந்தே போனது.

"அம்மணி, உள்ள போயிப் பேசிக்கலாம், வா."

"உள்ளயா? ஏகாதசியன்னிக்கு முட்டை தின்ன வாயோட என்ற பெருமாள் இருக்கற ஊட்டுக்குள்ளயா? தை பொறக்கட்டுமுங்க. முட்டை தின்னா போர்டிகோ என்ன, ஊட்டியிலயே குளுராதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அதுக பாவம், இன்னிக்கு வெறும் தினைதான் தின்னுச்சு. அதனால அதுகளை உள்ள வெச்சுக்கறேன்."

சொன்னபடியே மடக்குக் கட்டிலை போர்டிகோவில் போட்டாள். தலையணை வந்தது. தண்ணீர்ச் சொம்பு வந்தது. கதவு தாழ்ப்பாள் விழுந்தது. மருதமலைப் பக்கமிருந்து காற்று நேராக அவர் விலாசத்துக்கு வந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவருடைய பல்பு, அவருடைய கம்பளி, அவருடைய கட்டில் ஓரம். நாலு குருவியும் பஞ்சு உருண்டையாக ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"அம்மணி! நெசமாலுமே குளுருது!"

ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்தது.

"அந்தக் காடாத் துணியை இழுத்துப் போத்திக்குங்க. காத்தால வந்து தினை போடறேன்."