பிராங்க்ளின் பாடு

மேசை மேல் கிடந்த மூன்று கோப்புக் கட்டுகளிலிருந்தும் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்ததும் பிராங்க்ளின் கையில் டீ டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார்.

அனுப்பம்பட்டில் மச்சினிக்கு நிச்சயதார்த்தம் என்று லீவு போட்டுவிட்டு, அன்று காலைதான் பழவேற்காட்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தார். இரவெல்லாம் மழை. கூரை ஒழுகியிருக்க வேண்டும். அட்டைகளில் கொட்டை எழுத்தில் 'பாடு' என்றிருந்தது. ஏரியில் எந்தக் குப்பம் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று ஊர்கள் கூடிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள். அவை போனால் குப்பங்கள் மோதிக்கொள்ளும். அதற்கு முன்னால் ஆவணப் பொறுப்பாளரான பிராங்க்ளினைக் குப்பத்து ஜனம் ஒரு கை பார்த்துவிடும். வேலையும் போகும்.

போதாக்குறைக்கு, கோப்புகளைப் பராமரிப்பது எப்படி என்று பயிற்சி கொடுக்க, தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து ஆர்த்தி மேடம் மறுநாள் வருகிறார்.

"சார், அந்தக் கட்டு..." என்று துடைப்பத்தோடு வந்தார் துப்புரவுப் பணியாளர் எல்லம்மா.

"எந்தக் கட்டு? ஒரு கட்டும் இல்ல. நீ போய் டீ வாங்கினு வா."

"டீ உங்க கையிலயே கீதே சார்."

"இன்னொண்ணு வாங்கினு வா."

அவர் போனதும் பிராங்க்ளின் ஆர்த்தி மேடத்துக்கு ஃபோன் போட்டார்.

"சும்மா ஒரு டவுட்டு மேடம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஆபீஸ்ல ஃபைல் நனைஞ்சிடுச்சாம். அவரு இன்னா பண்ணலாம்?"

"பிரிச்சுப் பார்க்கவே கூடாது, கிழிஞ்சிடும். அப்படியே ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லுங்க. நாளைக்கு நானே செஞ்சு காட்டறேன்."

பிராங்க்ளின் ஃபோனை ஒருமுறை முறைத்துப் பார்த்தார். படித்த பெண், விளையாட மாட்டார்.

ஊரில் பெரிய ஃப்ரீசர் இறால் வியாபாரி அப்துல் ஹையிடம் இருந்தது. இறால் நிரம்பி வழிந்தது.

"உங்க ஃபைல வச்சா என் இறால எங்க சார் வைக்கிறது? உங்க மடியிலயா?"

"எங்க ரெக்கார்ட் ரூம்ல புது ஏசி கீது பாய். ஐஸ் போட்டு அங்க வச்சிக்கலாம். ஒரே ஒரு ராத்திரி."

"கவர்மென்ட் ஏசியில என் இறாலா?" அப்துல் ஹைக்குப் பெருமையாகவே இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பியதும் நனைந்த கட்டுகள் ஃப்ரீசருக்குப் போயின; இறால் பெட்டிகள் பின்வாசல் வழியாக வந்து ரெக்கார்ட் ரூம் அலமாரியின் மேல் தட்டில் ஏறின. கீழ்த் தட்டில் புது அட்டை போட்ட ஏதோ கட்டுகள் இருந்தன. பழைய வருகைப் பதிவேடாக இருக்கும் என்று பிராங்க்ளின் கண்டுகொள்ளவில்லை.

இரவில் கரண்ட் போனது. பழவேற்காட்டில் அது சொல்லிவிட்டா போகும்?

காலையில் வாசல் கேட்டிலேயே வாசனை வரவேற்றது. உள்ளே ஐஸ் உருகி, கீழ்த் தட்டெல்லாம் குளமாகியிருந்தது. பிராங்க்ளின் ஃபினாயில் ஊற்றினார். இறால் மட்டும் நாறியதே எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. சாம்பிராணி போட்டார். புகையில் கண் எரிந்து ஜன்னலைத் திறந்தார். குப்பத்துப் பூனைகள் அழைப்பு வந்ததுபோல் உள்ளே இறங்கின.

அந்த நேரம் பார்த்து ஆர்த்தி மேடம் வந்து சேர்ந்தார்.

"என்ன இது, ஒரே புகை?"

"சாம்பிராணி மேடம். ஃபைல பூச்சி அரிக்காது."

"இறால் வாசனையும் வருதே?"

"இது பழவேற்காடு மேடம். இங்க காத்தே அப்படித்தான்."

இருவருக்கும் நடுவே ஒரு பூனை வாயில் இறாலோடு நிதானமாக நடந்து போனது. பிராங்க்ளினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மேடம், அந்தத் தெரிஞ்ச ஒருத்தர் நான்தான். பாடு ஃபைல் மூணும் மழையில நனைஞ்சி பூடுச்சி. பாய் ஃப்ரீசர்ல வச்சிருக்கேன். அதுக்குப் பதிலாத்தான் இந்த இறாலு. சஸ்பெண்ட் பண்ணுங்க, பரவால்ல. குப்பத்துல மட்டும் சொல்லிடாதீங்க."

ஆர்த்தி மேடம் கோபப்படவில்லை. "பிரிக்காம உடனே ஃப்ரீசர்ல வச்சீங்களே, அதுவே பெரிய விஷயம். நீங்க அந்த ஃபைலைக் காப்பாத்திட்டீங்க சார்."

பிராங்க்ளினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தார்.

வாசலில் டீத் தூக்கோடு நின்றிருந்த எல்லம்மா சொன்னார்: "இன்னா சார் நீங்க, நேத்தே சொல்ல வந்தேன், காதுலயே வாங்கல. அது நீங்க லீவுல இருந்தப்ப மேடம் ஃபோன் பண்ணி, செஞ்சு காட்டறதுக்கு நனைச்சு வைக்கச் சொன்ன பழைய பேப்பரு, பாடு ஃபைலோட கிழிஞ்ச பழைய அட்டையில கட்டி வச்சேன். நெசமான பாடு ஃபைலுக்குப் புது அட்டை போட்டு, ஒரு சொட்டு தண்ணி படக்கூடாதுன்னு கீழ்த் தட்டுல வச்சிருக்கேன்."