நர்ஸ் நோனா சொன்ன ஒரு சொல்

ஹந்தானை
புதன்கிழமை, பகல்

மதிப்பிற்குரிய சம்பந்தி அன்னலட்சுமி அம்மா அவர்களுக்கு,

பேச்சியம்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. முருகன் துணையால் நாவலப்பிட்டியில் தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

போன் இருக்கக் காயிதம் எதுக்குன்னு கேப்பீங்க. போன்ல பேசினா அழுதுருவேன். என் அழுகைய நீங்க கேக்க நான் எடம் குடுக்க மாட்டேன். அஞ்சாம் வகுப்போட நின்னவதான், ஆனா என் எழுத்துல பிழை புடிச்ச வாத்தியார் கிடையாது.

விசயம் என்னன்னா, என் பேத்தி, உங்க மருமக கிருஷாந்திக்கு இது மூணாம் மாசம். போன வருசம் ஒண்ணு தங்காமப் போனதுலருந்து நான் அவ வயித்தையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். நாலு பெத்தவ நான், மூணாம் மாசத்துல என் வயிறு தோசைக்கல்லாட்டம் தட்டையா இருந்துச்சு. இவளுக்கு அஞ்சு மாசம் மாதிரி முன்னுக்குத் தள்ளி, பாவாடைக் கொக்கி மாட்டாம ஊக்கு குத்திக்கிட்டு வேலைக்குப் போறா. தொப்புளுக்குக் கீழ தொட்டா கெட்டியா இருக்கு, ரெண்டு பக்கமும் இழுக்குதுங்கிறா. வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணி குடுத்தேன், அப்படியே என் சேலையில வாந்தி எடுத்தா. கட்டியா இருக்குமோன்னு பயந்து பயந்து, அவ வயிறு பெருக்கப் பெருக்க என் வயிறு சோறெறங்காம ஒட்டிப்போச்சு.

இன்னைக்குக் காலையில கண்டிக்கு ஸ்கேனுக்குப் போனோம். என்னைய வெளிய வாங்குப் பலகையில உக்கார வச்சிட்டாங்க. நான் கதவிடுக்குல காத வச்சேன். சிங்கள நர்ஸ் நோனா உள்ள சொல்றா, "நிவுன்." இன்னொரு தரம், மெதுவா, "நிவுன்." சம்பந்தி, தேயிலை பேக்டரியில முப்பது வருசம் வேலை செஞ்சவ நான். அடுப்பு அணைஞ்சா சிங்கள பயர்மேன் "நிவுனா! நிவுனா!"ன்னு கத்திக்கிட்டு ஓடுவான். அந்தச் சொல்லுக்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேணாம். அணைஞ்சு போச்சு. வெளிய வந்தவளுக்குக் கண்ணெல்லாம் தண்ணி. "அம்மாயி, இப்ப ஒண்ணும் கேக்காதீங்க, மொதல்ல அவருக்குச் சொல்லணும்"னா. உங்க மகன் சுதேஷ் வேலை முடியிற வரைக்கும் போன் எடுக்க மாட்டாராமே. பஸ்ல வயித்து மேல கைய வச்சபடியே வந்தா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். வந்ததும் படுத்துட்டா.

நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டவ இல்ல, இப்ப ஒண்ணு கேக்குறேன். போன தடவ "எங்க பரம்பரையில இப்பிடி நடந்ததே இல்ல"ன்னு சொன்னீங்களே, இந்தத் தடவ அத அவ காதுபடச் சொல்லாதீங்க. சொல்லித்தான் ஆகணும்னா என்னையச் சொல்லுங்க, தாங்கிக்கிறேன். நமக்குள்ள நடக்குற பேரு வைக்கிற சண்டையிலயும் நான் தோத்ததா வச்சிக்குங்க. இனி எந்தப் பிள்ளை வந்தாலும் நீங்களே பேரு வைங்க.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதீங்க.

இப்படிக்கு,
பேச்சியம்மா

பி.கு.: உங்க விலாசம் கேக்க அவள எழுப்பினேன். காயிதத்தப் புடுங்கிப் படிச்சிட்டு, ஊக்கு தெறிக்கத் தெறிக்கச் சிரிக்கிறா. "அய்யோ அம்மாயி, நிவுன்னா ரெட்டைப் புள்ளைங்க! ரெண்டும் நல்லாத் துடிக்குதாம்!" அதுதான் அந்த வயிறு. சிங்களத்துல இதுக்கு அந்த "நிவுனா"வுலருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சொல்லு வச்சிருக்கலாம். இவ்வளவு அழகா எழுதின காயிதத்தக் கிழிக்க மனசில்ல, அப்படியே அனுப்புறேன். பேரு விசயத்த மட்டும் அடிச்சிட்டுப் படிங்க. மொதல்ல வர்றதுக்கு நான்தான் வைப்பேன், பின்னால வர்றது உங்களுக்கு. அப்புறம் சம்பந்தி, உங்க பரம்பரையில இப்பிடி நடந்திருக்கா?